பதில்கள் குவிந்தால் போதுமா? இணையவழி சர்வேயின் அடிப்படைகள்

கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்விகளைத் தட்டி, லிங்கை நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, ஒரு வாரம் கழித்து அது வரைந்து தரும் வட்டப்படத்தைப் பார்த்து "72 சதவீதம் பேர் ஆதரவு" என்று எழுதிவிடுவதற்குத்தான் இன்று சர்வே என்று பெயர். கல்லூரி ஆய்வேடு, குடியிருப்போர் சங்கம், சிறு நிறுவனம், தொண்டு அமைப்பு என எங்கும் இதே வழிதான். பதில் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நம்பகம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. இது தவறான எண்ணம், கெடுதல் செய்யும் எண்ணமும்கூட. அந்த 72 சதவீதத்தை நம்பி நேரத்தையும் பணத்தையும் ஆளையும் ஒதுக்கும்போது, லிங்க் போய்ச் சேராத மனிதர்களின் தேவை கணக்கிலேயே வராமல் போகிறது.

கட்டுரை முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு நகர நூலகம். உறுப்பினர்கள் 6,000 பேர். இப்போது மாலை 6 மணிக்கு மூடுகிறார்கள். இரவு 8 மணி வரை திறந்து வைக்கலாமா என்று உறுப்பினர்களைக் கேட்க நிர்வாகம் விரும்புகிறது.

## ஒரு சோறு எப்போது பதம்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சமைக்கத் தெரிந்தவர் அந்த ஒரு பருக்கையை எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். கரண்டியை அடிவரை விட்டு, கீழே உள்ளதை மேலே புரட்டிய பிறகுதான் எடுத்து நசுக்கிப் பார்ப்பார். மேலாக மிதக்கும் பருக்கையை மட்டும் பார்த்தால் அடியில் குழைந்திருப்பது தெரியாது. நன்றாகப் புரட்டிவிட்டால், கல்யாண வீட்டு அண்டாவாக இருந்தாலும் நாலு பேருக்கான பானையாக இருந்தாலும் எடுத்துப் பார்க்க வேண்டிய பருக்கைகள் ஏறத்தாழ ஒன்றுதான்.

சர்வேயின் கணக்கும் இதேதான். யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறோமோ அவர்கள் எல்லாரையும் சேர்த்து இலக்குத் தொகுதி என்கிறோம். நமக்கு அது 6,000 உறுப்பினர்கள். அதிலிருந்து கேட்பதற்காக எடுக்கும் சிலரை மாதிரி என்கிறோம். தொகுதியில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதிரிக்குள் வர ஒரு வாய்ப்பு இருந்து, அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதும் நமக்குத் தெரிந்து, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால் அது நிகழ்தகவு மாதிரி. பானையைப் புரட்டுவது என்றால் சர்வேயில் இந்தக் குலுக்கல்தான்.

இப்படி எடுத்த 400 பேரில் 60 சதவீதம் "ஆம்" என்றால், எல்லாரையும் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் விடை ஏறத்தாழ 55க்கும் 65க்கும் இடையில் இருக்கும். இந்த ±5 தான் பிழை வரம்பு. இதே முறையில் நூறு தடவை மாதிரி எடுத்தால் சுமார் 95 தடவை உண்மையான விடை அந்தந்த மாதிரியின் எல்லைக்குள் விழும் என்பது அதன் பொருள். 1,000 பேரைக் கேட்டால் வரம்பு ±3 ஆகச் சுருங்கும். தொகுதி ஆறு லட்சமானாலும் ஆறு கோடியானாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. வரம்பைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும், அதனால் ஓர் அளவுக்கு மேல் ஆளைக் கூட்டுவதில் பெரிய லாபம் கிடையாது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 400 பேருக்கான ±5, அந்த 400க்குள் இருக்கும் 60 மாணவர்களுக்குப் பொருந்தாது. அவர்களை மட்டும் தனியாகப் பேசினால் வரம்பு ±13ஐ நெருங்கும். "மாணவர்களில் 55 சதவீதம் விரும்புகிறார்கள்" என்று அந்த அறுபது பேரை வைத்து எழுதுவதில் பொருளே இல்லை.

வாட்ஸ்அப்பில் போட்ட லிங்க் வழியாக வருவது வேறு வகை. யார் பார்ப்பார்கள், யார் திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்படிச் சேருவதைத் 'தானாக வந்த மாதிரி' என்கிறோம். இதற்குப் பிழை வரம்பு என்ற கணக்கே பொருந்தாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி அளவுக் கணிப்பான்களில் எண்ணைப் போட்டு ±3 என்று எடுத்து எழுதினாலும் அது அலங்காரம் மட்டுமே.

இதுவரை பார்த்தது: சின்ன மாதிரி போதும், ஆனால் குலுக்கி எடுத்திருக்க வேண்டும். பிழை வரம்பு குலுக்கலால் வரும் ஏற்ற இறக்கத்தை மட்டுமே அளக்கிறது.

## இரண்டரை லட்சம் பேர் பத்துப் பேருக்குச் சமமான கதை

1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்கும் சுமார் ஒரு கோடி சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. வேட்பாளர் ஆல்ஃப் லேண்டன் பெரிய வெற்றி பெறுவார் என்று இதழ் அறிவித்தது. நடந்தது என்ன? ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளுடன் வென்றார், லேண்டனுக்குக் கிடைத்தவை 48 மாநிலங்களில் இரண்டே இரண்டு. முகவரிகளைப் பெருமளவு தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் கார் உரிமையாளர் பதிவுகளிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலத்தில் இவை இரண்டும் வசதியானவர்களின் பட்டியல்கள். சீட்டு கிடைத்தவர்களிலும் நான்கில் ஒருவர் அளவுக்கே திருப்பி அனுப்பினார்கள், ரூஸ்வெல்ட்டை எதிர்த்தவர்களே அதில் முனைப்பாக இருந்தார்கள். இதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

இது தபால் காலத்துப் பிழை, இணையம் வந்தபின் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2021இல் அமெரிக்காவில் எத்தனை சதவீதம் பெரியவர்கள் கோவிட் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுக்கொண்டார்கள் என்று மூன்று சர்வேக்கள் தொடர்ந்து அளந்தன. ஃபேஸ்புக் வழியாக கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெல்ஃபி குழு நடத்தியதில் வாரத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இணையவழி நடத்தியதில் இரு வாரத்துக்குச் சுமார் 75,000 பேர். ஆக்சியோஸ் செய்தி நிறுவனமும் இப்சோஸ் கருத்துக்கணிப்பு நிறுவனமும் நடத்திய சர்வேயில் ஏறத்தாழ 1,000 பேர் மட்டுமே. ஊசி போட்ட கணக்கை அரசு தனியாக வைத்திருந்ததால் எது சரி என்று ஒப்பிட முடிந்தது. 2021 மே மாதத்தில் ஃபேஸ்புக் சர்வே 17 சதவீதப் புள்ளிகளும், கணக்கெடுப்புத் துறையின் சர்வே 14 புள்ளிகளும் கூடுதலாகக் காட்டின. ஆயிரம் பேரின் சர்வே உண்மைக்குப் பக்கத்தில் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு இன்னொன்றையும் கணக்கிட்டது. ஏப்ரல் 2021 நிலவரப்படி ஃபேஸ்புக்கின் இரண்டரை லட்சம் பதில்கள், ஒழுங்காகக் குலுக்கி எடுத்த வெறும் 10 பேரின் பதில்களுக்குத்தான் சமம்.

காரணம் இதுதான். முதல் இரண்டு சர்வேக்களிலும் அழைப்பு போனவர்களில் மிகச் சிலரே பதில் தந்தார்கள், அவர்கள் மற்றவர்களைப் போல இல்லை. அந்தச் சாய்வு ஆயிரம் பேரிடம் இருந்தாலும் பத்து லட்சம் பேரிடம் இருந்தாலும் அதே சாய்வுதான். எண்ணிக்கை கூடும்போது பிழை வரம்பு சுருங்கி, தவறான விடையைச் சுற்றி இறுகிக்கொள்கிறது. பார்ப்பவருக்கு நம்பிக்கை கூடுகிறது, விடை அதே இடத்தில் நிற்கிறது. மூன்றாவது சர்வே எப்படித் தப்பியது? அதற்குப் பதில் சொல்லும் குழுவில் இருப்பவர்கள் முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் சேர்க்கப்பட்டவர்கள். வீட்டில் இணையம் இல்லாதவருக்குக் கருவியும் இணைப்பும் கொடுத்துக் கேட்டார்கள்.

## பதில் எங்கெங்கே கசிகிறது

ஒரு சர்வே உண்மையிலிருந்து விலகுவதற்கு நான்கு வழிகள் உண்டு. குலுக்கலால் வரும் ஏற்ற இறக்கத்தை ஏற்கெனவே பார்த்தோம். நான்கிலும் ஆபத்துக் குறைந்தது அதுதான், ஏனென்றால் அதை அளந்துவிடலாம்.

இரண்டாவது, வீச்சுப் பிழை. நாம் பயன்படுத்தும் பட்டியலிலேயே சிலர் இல்லாமல் போவது. 6,000 உறுப்பினர்களில் 1,100 பேருக்குப் பதிவேட்டில் செல்பேசி எண் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியில் மட்டும் லிங்க் அனுப்பினால் அவர்கள் தொடக்கத்திலேயே வெளியே. பெரும்பாலும் அவர்கள் முதியவர்களாகவோ பெற்றோர் பெயரில் சேர்ந்த பிள்ளைகளாகவோ இருப்பார்கள், இரவு 8 மணி என்பது அவர்களுக்கு வேறு பொருள் தரும். இந்தியாவில் பொதுமக்களிடம் இணைய சர்வே நடத்துபவர்கள் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியவர்கள் 33 சதவீதம், ஆண்களில் 57 சதவீதம். அதன்பின் பயன்பாடு கூடியிருந்தாலும், ஒரு வீட்டில் ஒரே ஸ்மார்ட்ஃபோன் இருந்தால் அது யார் கையில் இருக்கும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

மூன்றாவது, பதிலளிக்காமையால் வரும் பிழை. கேட்கப்பட்டும் பதில் தராதவர்கள், தந்தவர்களிடமிருந்து மாறுபட்டால் விடை சாயும். அழைக்கப்பட்டவர்களில் எத்தனை சதவீதம் பதிலளித்தார்கள் என்பது மறுமொழி வீதம். வீதம் குறைந்தாலே சர்வே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவும் முடியாது, கூடினாலே நல்லது என்றும் சொல்ல முடியாது. யார் விடுபட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, அளவீட்டுப் பிழை. பதில் தந்தார், ஆனால் கேள்வியோ திரையோ அவரைத் தவறான பதிலுக்குத் தள்ளிவிட்டது. நம் கையில் முழுமையாக இருப்பது இது ஒன்றுதான், அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான்.

## கேள்வி எழுதுவதற்கு முன்

ஃபார்மைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் எடுக்க வேண்டிய முடிவை ஒரு வரியில் எழுதுங்கள்: "ஜூன் முதல் நூலகத்தை இரவு 8 வரை திறப்பதா, வேண்டாமா." பிறகு மனதில் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், "இதற்குப் பெரும்பாலோர் ஆம் என்றால் என்ன செய்வோம், இல்லை என்றால் என்ன செய்வோம்" என்று எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் செய்யப்போவது ஒன்றே என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடலாம். இப்படிச் செய்தால் 30 கேள்விகள் 9 அல்லது 10 ஆகும். "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்க்கும் கேள்விதான் பதில் சொல்பவரைக் களைப்படையச் செய்து, அவசியமான கேள்வியின் பதிலையும் கெடுக்கிறது. செல்பேசியில் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்தால் மேலும் நல்லது.

## கேள்வியின் வாசகம்

"வாசகர்களின் நலன் கருதி நூலகம் இரவு 8 மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா?" நூலகத்தார் எழுதக்கூடிய முதல் வாசகம் இதுவாகத்தான் இருக்கும். "நலன் கருதி" என்ற தொடக்கமே விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. அதற்கும் மேலே ஒரு சிக்கல், எந்த விலையும் இல்லாமல் கொடுப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் கூட்ட, காலையில் இரண்டு மணி நேரம் குறைக்க வேண்டியிருக்கலாம். அதைக் கேள்வியில் சொல்லியாக வேண்டும்.

விலையைச் சொல்வதால் விடை எவ்வளவு மாறும்? 2003 ஜனவரியில் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம், சதாம் உசேனின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர ஈராக்கில் ராணுவ நடவடிக்கை எடுப்பதை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டபோது 68 சதவீதம் ஆதரித்தார்கள். "அமெரிக்கப் படைகளில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட நேர்ந்தாலும்" என்ற பொருளில் ஒரு தொடரைச் சேர்த்துக் கேட்டபோது ஆதரவு 43 சதவீதமாக இறங்கியது. இரண்டும் மக்களின் கருத்துதான். முதல் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பவர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

நம் நூலகத்துக்கு இப்படி எழுதலாம்: "நூலகம் ஒரு நாளைக்கு 10 மணி நேரம் திறந்திருக்கும். எந்த நேரம் உங்களுக்கு வசதி? காலை 8 முதல் மாலை 6 வரை / காலை 10 முதல் இரவு 8 வரை / இரண்டும் ஒன்றுதான் / இப்போது சொல்ல முடியாது." இதோடு இன்னொரு கேள்வியும் வேண்டும்: "கடந்த 30 நாட்களில் மாலை 5 மணிக்குப் பிறகு எத்தனை நாள் நூலகத்தில் இருந்தீர்கள்?" இனிமேல் வருவீர்களா என்று கேட்டால் எல்லாரும் வருவதாகத்தான் சொல்வார்கள். நடந்ததைக் கேட்பது, நடக்கப்போவதைக் கேட்பதைவிட நம்பகமானது. "அடிக்கடி", "எப்போதாவது" போன்ற சொற்களை ஒவ்வொருவரும் வேறு அளவில் எடுத்துக்கொள்வார்கள், அதனால் நாள் கணக்கையே கேளுங்கள்.

சொல்லை மாற்றினாலும் விடை மாறும். 1941இல் டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனையில், ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளைத் "தடைசெய்ய வேண்டுமா" என்று ஒரு பிரிவினரிடமும் "அனுமதிக்க வேண்டுமா" என்று இன்னொரு பிரிவினரிடமும் கேட்டார்கள். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள், தடைசெய்ய வேண்டும் என்றவர்களைவிட ஏறத்தாழ 20 புள்ளிகள் அதிகம். தர்க்கப்படி இரண்டும் ஒன்று, ஆனால் தடை என்ற சொல்லின் கடுமை பலரைப் பின்வாங்கச் செய்தது. ஆகவே முடிவை வெளியிடும்போது கேள்வியின் முழு வாசகத்தையும் கூடவே தர வேண்டும்.

"ஊழியர்களின் பணிவும் புத்தகங்களின் இருப்பும் திருப்தியாக உள்ளதா?" என்பது இரட்டைக் கேள்வி. ஊழியர் நல்லவர், கேட்ட புத்தகம் இல்லை என்பவர் எதை அழுத்துவார்? "உம்", "மற்றும்" வரும் கேள்விகளை இரண்டாக வெட்ட முடியுமா என்று பாருங்கள்.

ஒரு வாக்கியத்தைக் கொடுத்து "ஒத்துக்கொள்கிறேன் / மறுக்கிறேன்" என்று கேட்பது ஃபார்ம் எழுதுபவருக்குச் சுலபம், பதிலுக்குக் கெடுதல். கேட்பவரிடம் மரியாதை உள்ளவர்கள், சீக்கிரம் முடித்துப் போக நினைப்பவர்கள் இருவருமே "ஒத்துக்கொள்கிறேன்" பக்கம் சாய்வார்கள். இதை ஒப்புதல் சாய்வு என்கிறோம். "நூலகம் சுத்தமாக உள்ளது, ஒத்துக்கொள்கிறீர்களா" என்பதற்குப் பதில், "நூலகத்தின் சுத்தம் எப்படி? மிக நன்று / நன்று / சுமார் / மோசம் / மிக மோசம்" என்று பொருளையே அளவுகோலாக்குங்கள். ஐந்து படிகள் போதும். ஒவ்வொரு படிக்கும் பெயர் கொடுங்கள். 1 முதல் 10 வரை எண் மட்டும் கொடுத்தால் ஒருவருக்கு 7 நல்ல மதிப்பெண், இன்னொருவருக்குச் சுமார்.

விடைப் பட்டியலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2008 அமெரிக்கத் தேர்தலுக்குப் பின், வாக்கைத் தீர்மானித்த முக்கியப் பிரச்சினை எது என்று பியூ மையம் இரு விதமாகக் கேட்டது. பட்டியல் கொடுத்துக் கேட்டபோது 58 சதவீதம் பேர் பொருளாதாரத்தைத் தேர்ந்தார்கள். சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னபோது 35 சதவீதம்தான். பட்டியலில் இல்லாததை யாரும் அழுத்த முடியாது. எனவே முதலில் இருபது முப்பது பேரிடம் திறந்த கேள்வியாகக் கேட்டு, அவர்கள் சொன்னதிலிருந்து பட்டியலைத் தயாரியுங்கள். "மற்றவை" என்ற கட்டமும் இருக்கட்டும். வயதை 20–30, 30–40 என்று போட்டால் 30 வயதுக்காரர் எங்கே போவார்? 20–29, 30–39 என்று பிரியுங்கள்.

வரிசைக்கும் பங்கு உண்டு. கழிப்பறை, குடிநீர், மின்விசிறி என்று குறைகளைக் கேட்ட பிறகு "மொத்தத்தில் நூலகம் எப்படி" என்று கேட்டால் மதிப்பெண் இறங்கும். பொதுவானதை முதலிலும் குறிப்பானதைப் பின்னரும் கேளுங்கள். வருமானம், சாதி, மதம் போன்றவை உண்மையிலேயே தேவையா என்று இரண்டு முறை யோசியுங்கள். தேவையென்றால் கடைசியில் வைத்து, "சொல்ல விரும்பவில்லை" என்ற வழியையும் விடுங்கள்.

இதுவரை பார்த்தது: சாய்வில்லாத வாசகம், ஒரு கேள்வியில் ஒரு பொருள், நடந்ததைப் பற்றிய எண்ணிக்கை, பெயரிட்ட படிகள், ஒன்றோடொன்று மோதாத விடைகள்.

## ஆறு அங்குலத் திரையில்

பெரும்பாலோர் செல்பேசியில்தான் நிரப்புவார்கள். ஃபார்மை மடிக்கணினியில் உருவாக்குபவர் இதை மறந்துவிடுகிறார். இதில் அதிகம் அடிபடுபவை கட்டக் கேள்விகள். இடப்பக்கம் எட்டு வரிகள், மேலே ஐந்து படிகள் என்ற அட்டவணையைச் செல்பேசியில் திறந்தால் கடைசி இரண்டு படிகள் திரைக்கு வெளியே போய்விடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, "ஓரளவு திருப்தி" என்ற தலைப்பே மூன்று வரியாக உடையும். பக்கவாட்டில் நகர்த்தலாம் என்று தெரியாதவர் கண்ணில் பட்டதை அழுத்துவார். இல்லாவிட்டால், எல்லா வரிகளுக்கும் ஒரே படியை நேர்கோடாக அழுத்திக்கொண்டு போய்விடுவார். இப்படி யோசிக்காமல் ஏதோ ஒன்றைக் கொடுத்து முடிப்பதை ஒப்பேற்றுதல் என்று வைத்துக்கொள்வோம். களைப்பு, நீளம், புரியாத வாசகம் மூன்றும் ஒப்பேற்றுதலை வளர்க்கும். கட்டத்தை உடைத்து, ஒரு திரையில் ஒரு கேள்வி, விடைகள் மேலிருந்து கீழாக என்று வையுங்கள்.

திரையில் படிக்கும்போது பட்டியலின் மேலே உள்ளவை அதிகம் தேர்ந்தெடுக்கப்படும். இயல்பான வரிசை இல்லாத பட்டியல்களுக்கு (புத்தக வகைகள், காரணங்கள்) விடைகளை ஒவ்வொருவருக்கும் வேறு வரிசையில் காட்டும் வசதியைப் போடுங்கள், கூகுள் ஃபார்மில்கூட அது உண்டு. "மிக நன்று" முதல் "மிக மோசம்" வரை உள்ள படிகளை மட்டும் கலைத்துவிடாதீர்கள். "பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கவும்" என்பதற்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் ஆம்/இல்லை கேட்டால் மக்கள் நின்று யோசிக்கிறார்கள், விடைகளும் கூடுதலாகக் கிடைக்கின்றன. எல்லாக் கேள்விக்கும் கட்டாயக் குறி போட வேண்டாம். பதில் தெரியாதவருக்கு அப்போது இரண்டே வழிதான், பொய் சொல்வது அல்லது வெளியேறுவது.

## சோதித்துப் பார்ப்பது

அனுப்பும் முன் ஐந்தாறு பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, அவரவர் செல்பேசியிலேயே நிரப்பச் சொல்லுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிரப்பட்டும். அலுவலக நண்பர்களை விட்டுவிட்டு, ஒரு முதியவர், ஒரு பள்ளி மாணவர், அதிகம் படிக்காத ஒருவர் என்று தேடுங்கள். "இந்தக் கேள்வியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "30 நாட்கள்" என்பதை ஒருவர் "இந்த மாதம்" என்று எடுத்துக்கொண்டது அங்கேதான் தெரியும். நடுவில் நீங்கள் விளக்கம் கொடுக்கத் தோன்றும் இடம் எதுவோ, அந்தக் கேள்வியைத் திருத்த வேண்டும். பிறகு மாதிரியில் 50 பேருக்கு மட்டும் முதலில் அனுப்பி, எந்தக் கேள்வியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.

## அனுப்புவதும் துரத்துவதும்

400 பதில் வேண்டும், 40 சதவீதம் பேர் பதில் தருவார்கள் என்று எதிர்பார்த்தால் 1,000 பேரை அழைக்க வேண்டும். 6,000 பெயர்களில் 1,000 என்றால் ஆறுக்கு ஒருவர். 1 முதல் 6 வரை சீட்டுப் போட்டு ஒரு எண்ணை எடுங்கள். 4 வந்தால் பதிவேட்டின் 4ஆவது, 10ஆவது, 16ஆவது என்று போய்க்கொண்டே இருங்கள். செல்பேசி எண் இல்லாதவர் வந்தால் தாண்டிப் போகாதீர்கள். அவருக்கு அதே கேள்விகளை அச்சிட்டுத் தபாலிலோ நூலக மேசையிலோ கொடுங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனி லிங்க் அல்லது தனிக் குறியீடு தேவை. அப்போதுதான் ஒருவர் இருமுறை நிரப்புவதைத் தடுக்கலாம், நிரப்பாதவருக்கு மட்டும் நினைவூட்டலாம். லைம்சர்வே போன்ற இலவச மென்பொருளில் இது உள்ளேயே இருக்கிறது. கூகுள் ஃபார்மில் முன்கூட்டி நிரப்பிய லிங்க் வசதியை வைத்து ஓரளவு செய்யலாம். "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற அமைப்பைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், கடவுச்சொல்லை மறந்தவர்கள் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

தனிக் குறியீடு கொடுத்துவிட்டு "இது பெயர் அறியாத சர்வே" என்று எழுதுவது பொய். "உங்கள் பதில் ரகசியமாக வைக்கப்படும், முடிவுகள் மொத்தமாக மட்டுமே வெளியாகும்" என்று எழுதுங்கள். குறியீட்டுப் பட்டியலையும் பதில்களையும் வேறு வேறு கோப்பில் வைத்து, வேலை முடிந்ததும் பட்டியலை அழித்துவிடுங்கள். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தரவு வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறுவதை வலியுறுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அடிப்படை மரியாதை.

அழைப்பில் நான்கு தகவல்கள் போதும்: யார் கேட்கிறார்கள், எதற்கு, எத்தனை நிமிடம், கடைசித் தேதி. நூலகரின் பெயரும் நூலகத் தொலைபேசி எண்ணும் இருந்தால் மோசடி லிங்க் என்று பயப்பட மாட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு நினைவூட்டல், ஏழாம் நாள் இன்னொன்று, கடைசித் தேதிக்கு முன்தினம் ஒன்று. ஒவ்வொன்றையும் வேறு நேரத்தில், வேறு வாசகத்தில் அனுப்புங்கள். அதன்பின்னும் பதில் தராதவர்களில் முப்பது பேரைத் தொலைபேசியில் அழைத்து, நேரத்தைப் பற்றிய அந்த ஒரே கேள்வியை மட்டும் கேளுங்கள். அவர்களின் விடை மற்றவர்களின் விடையோடு பெரிதாக முரண்பட்டால், உங்கள் 400 பேரில் சாய்வு இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். ஒரு மாலைப்பொழுது வேலைதான், ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு.

## பதில்கள் வந்தபின்

எந்தப் பதிலை நீக்குவது என்ற விதியைப் பதில்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள். ஒரே குறியீட்டில் இரண்டு வந்தால் முதலாவது மட்டும் என்று வைக்கலாம். நேரத்தைப் பதிவுசெய்யும் மென்பொருள் என்றால், எல்லாரையும் எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவர் எடுத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக முடித்தவரைச் சந்தேகியுங்கள். (கூகுள் ஃபார்ம் சமர்ப்பித்த நேரத்தை மட்டுமே காட்டும், எடுத்துக்கொண்ட நேரம் தெரியாது.) பரிசு அறிவித்துப் பொதுவில் லிங்க் போட்டால் தானியங்கி நிரல்களும் வந்து நிரப்பும். பிடிக்காத பதிலைப் பார்த்த பிறகு விதியை உருவாக்குவது, விடையை நாமே எழுதிக்கொள்வதற்குச் சமம்.

அடுத்தது எடையிடல். பதிவேட்டில் ஆண்களும் பெண்களும் பாதிக்குப் பாதி, ஆனால் பதில் தந்தவர்களில் பெண்கள் 30 சதவீதமே என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெண்ணின் பதிலையும் 50/30, அதாவது 1.67 என்றும், ஆணின் பதிலை 50/70, அதாவது 0.71 என்றும் எண்ணுகிறோம். இரவு 8 மணியைப் பெண்களில் 60 சதவீதமும் ஆண்களில் 40 சதவீதமும் விரும்பினால், எடையிடாத விடை 46, எடையிட்டது 50. நான்கு புள்ளி வித்தியாசம் நெருக்கமான முடிவைப் புரட்டிப் போடும். ஆனால் எடையிடலுக்கு ஒரு எல்லை உண்டு. பதில் தந்த பெண்கள், தராத பெண்களைப் போன்றவர்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. செல்பேசி கையில் உள்ள பெண்கள் மட்டுமே பதில் தந்திருந்தால், 1.67ஆல் பெருக்கினாலும் செல்பேசி இல்லாத பெண் உள்ளே வர மாட்டார். மேலே சொன்ன ஃபேஸ்புக் சர்வேயிலும் வயது, பாலினப்படி எடையிட்டிருந்தார்கள். அப்படியும் 17 புள்ளி விலகியது.

## முடிவை எழுதும்போது

எத்தனை பேரை எப்படித் தேர்ந்தெடுத்து அழைத்தீர்கள், எத்தனை பேர் பதிலளித்தார்கள், எந்தத் தேதிகளில், எந்தக் கேள்வி வாசகத்தில், எப்படி எடையிட்டீர்கள் என்பவற்றை முடிவோடு சேர்த்து வெளியிடுங்கள். "1,000 பேரை அழைத்தோம், 412 பேர் பதிலளித்தார்கள்" என்ற ஒரு வரி, பெரிய வண்ணப்படத்தைவிடப் பயன்படும்.

லிங்கை ஏற்கெனவே எல்லாக் குழுவிலும் போட்டு, 900 பதில்கள் கையில் இருக்கிறதென்றால் என்ன செய்வது? தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து சதவீதம் எடுக்காதீர்கள், பிழை வரம்பும் போடாதீர்கள். "எங்கள் அழைப்பைப் பார்த்து விருப்பப்பட்டுப் பதிலளித்த 900 பேர் சொன்னவை" என்று தலைப்பிட்டு, அவர்கள் சொன்ன காரணங்களைத் தொகுத்துப் பாருங்கள். வேலை முடிந்து ஆறரைக்கு வருபவர் கதவு மூடியிருப்பதைப் பற்றி எழுதியிருப்பார், கடைசிப் பேருந்து ஏழரைக்குப் போய்விடுவதைப் பற்றி இன்னொருவர் எழுதியிருப்பார். பேருந்துப் பிரச்சினையை நீங்கள் யோசித்தே இருக்க மாட்டீர்கள். பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுக்கும் அடுத்த சர்வேயில் அந்தக் காரணங்களை விடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.